சிதம்பரம் உறுதியான தொகுதி அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

சிதம்பரம் மக்களவைத் தனித் தொகுதியில் 2024-இல் விடுதலைச் சிறுத்தைகள் கட்சியின் தொல்.திருமாவளவன் 1,03,554 வாக்கு வித்தியாசத்தில் வென்றதைக் காட்டி, இனி இது ஒரே பக்கம் சாயும் தொகுதி என்று பலரும் எழுதியும் பேசியும் வருகிறார்கள். இத்தொகுதியின் தேர்தல் வரலாற்றை நெடுங்காலமாகக் கவனித்து வரும் வாக்காளன் என்ற முறையில், அக்கருத்து சரியல்ல என்பதைத் தங்கள் நாளிதழ் வழியாகப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

2019-இல் அவர் பெற்றவை 5,00,229 வாக்குகள்; அ.தி.மு.க. வேட்பாளர் பெற்றவை 4,97,010. வாக்கு எண்ணிக்கை நாளன்று இரவு வெகுநேரம் வரை யார் வெல்வார் என்று தெரியாமலிருந்து, இறுதியில் 3,219 வாக்குகளில் முடிவு அமைந்தது. 2024-இல் அவர் பெற்றவை 5,05,084. அதாவது, ஐந்தாண்டுகளில் கூடியது 4,855 வாக்குகள் மட்டுமே. வித்தியாசம் ஒரு லட்சத்தைத் தாண்டியதற்குக் காரணம், முந்தைய தேர்தலில் ஒரே அணியில் நின்ற அ.தி.மு.க.வும் பா.ஜ.க., பா.ம.க. கட்சிகளும் இம்முறை இரு அணிகளாகப் பிரிந்ததுதான். அ.தி.மு.க.வுக்கு 4,01,530, பா.ஜ.க.வுக்கு 1,68,493 என அவ்விரு வேட்பாளர்களும் பெற்றவற்றைக் கூட்டினால் வென்றவரின் வாக்குகளை விட ஏறத்தாழ 65,000 அதிகம். கூட்டணி மாறினால் வாக்குகள் அப்படியே இடம் மாறிவிடும் என்று நான் வாதிடவில்லை. ஆனால், எதிரணி பிளவுபட்டதால் கிடைத்த இடைவெளியைத் தொகுதியின் நிலையான மனப்போக்கு என்று கொள்ளலாகாது.

முந்தைய வரலாறும் இதையே சொல்கிறது. 1967, 1971 தேர்தல்களில் தி.மு.க., 1977-இல் அ.தி.மு.க., 1980-இல் மீண்டும் தி.மு.க. என்று மாறிய தொகுதி, 1984 முதல் மூன்று முறை தொடர்ந்து காங்கிரஸின் வள்ளல்பெருமானைத் தேர்ந்தெடுத்தது. பின்னர் 1998 முதல் மூன்று முறை பா.ம.க. வென்றது. 1999-இல் தமிழ் மாநில காங்கிரஸ் (த.மா.கா.) சின்னத்திலும் 2004-இல் ஐக்கிய ஜனதா தளத்தின் சின்னத்திலும் நின்று தோற்ற திருமாவளவன், 2009-இல் தி.மு.க. அணியில் நின்று, அப்போது அ.தி.மு.க. பக்கம் சென்றிருந்த பா.ம.க.வின் பொன்னுசாமியை 99,083 வாக்குகளில் வென்றார். அந்த வெற்றியையும் அன்று அசைக்க முடியாதது என்றுதான் சொன்னார்கள். அடுத்த தேர்தலிலேயே அ.தி.மு.க.வின் சந்திரகாசியிடம் அவர் 1,28,495 வாக்குகளில் தோற்றார். தொகுதிக்குள் அடங்கிய காட்டுமன்னார்கோவிலில் 2016 சட்டமன்றத் தேர்தலில் வெறும் 87 வாக்குகளில் அவர் தோற்றதையும் இங்கே மறக்கலாகாது.

கடலூர், அரியலூர், பெரம்பலூர் என மூன்று மாவட்டங்களில் பரவிய தொகுதி இது. வீராணம் பாசனத்தை நம்பிய காட்டுமன்னார்கோவில் விவசாயியின் கவலையும், சுண்ணாம்புக்கல் சுரங்கங்களுக்கும் சிமெண்ட் ஆலைகளுக்கும் நடுவே வாழும் அரியலூர்க்காரரின் கவலையும், பழுப்பு நிலக்கரித் திட்டத்துக்காக நிலம் எடுக்கப்பட்டும் திட்டமே வராமல் ஆண்டுக்கணக்கில் காத்திருந்த ஜெயங்கொண்டம் பகுதி மக்களின் கவலையும் ஒன்றல்ல. சாதி எண்ணிக்கையை மட்டும் வைத்து இத்தொகுதியின் முடிவைக் கணிப்பவர்கள் இவற்றைப் பொருட்படுத்துவதே இல்லை. எனக்கு இது மிகுந்த வருத்தம் தருகிறது. உறுதியான தொகுதி என்று முத்திரை குத்தப்பட்டுவிட்டால், வென்ற அணியும் தோற்ற அணியும் இங்குள்ள கோரிக்கைகளைக் காதில் வாங்க அவசரப்படமாட்டா.

எனவே, தொகுதி நிலவரம் வெளியிடும்போது வெற்றி வித்தியாசத்தை மட்டும் தராமல், கடந்த நான்கைந்து தேர்தல்களில் ஒவ்வொரு கட்சியும் எந்த அணியில் நின்று எத்தனை வாக்குகள் பெற்றது என்பதையும், ஆறு சட்டமன்றத் தொகுதிகள் வாரியான வாக்கு விவரத்தையும் சேர்த்து அச்சிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
காட்டுமன்னார்கோவில்.