ஆண்டறிக்கை: நமது விலங்குரிமை, வீகன் சங்கத்தின் பொதுக்குழு முன் செயலாளர் சமர்ப்பித்தது

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, பொதுக்குழுவுக்கு வருகை தந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

கடந்த ஓராண்டில் நமது சங்கம் ஆற்றிய பணிகளை இந்த அவையின் முன் வைப்பது செயலாளர் என்ற முறையில் என் கடமை. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிக்க இருக்கிறார். கூட்ட நடவடிக்கைக் குறிப்புகள் அனைவருக்கும் முன்னரே அனுப்பப்பட்டுவிட்டன. ஆகவே அவற்றை இங்கே மீண்டும் படிக்கவில்லை. இந்த ஆண்டு வெளியாரோடு வாதிட்டதைவிட நமக்குள் வாதிட்டதே அதிகம் என்பதை உறுப்பினர்கள் அறிவார்கள். விலங்குகளைச் சுரண்டக் கூடாது என்பதில் கருத்து வேறுபாடு இல்லாதவர்கள், அந்தக் கொள்கையை ஒரு குறிப்பிட்ட கோழிக்கோ பூனைக்கோ மாத்திரைக்கோ எப்படிப் பொருத்துவது என்று வரும்போது எதிரெதிரே நின்றார்கள். அந்த வாதங்களையும் அவற்றின்மீது செயற்குழு எடுத்த முடிவுகளையும் பதிவு செய்வதே இவ்வறிக்கையின் நோக்கம்.

வாதங்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் தொடங்கின. 1944இல் டொனால்ட் வாட்சனும் நண்பர்களும் இங்கிலாந்தில் தொடங்கிய வீகன் சொசைட்டி, 1979இல் நிறுவனமாகப் பதிவானபோது வீகன் கொள்கைக்கு வகுத்துக்கொண்ட வரையறையில், உணவு, உடை உள்ளிட்ட எந்தத் தேவைக்காகவும் விலங்குகளைச் சுரண்டுவதை இயன்றவரை, நடைமுறைக்கு ஒத்தவரை விலக்குவது என்று கூறப்பட்டுள்ளது. நமது சங்க விதிகளிலும் அதே வரம்பு இடம்பெற்றிருக்கிறது. 'இயன்றவரை' என்பது யாருக்கு இயன்றவரை, அதை யார் தீர்மானிப்பது என்பதில்தான் சிக்கல். சிலர் அதைத் தப்பிக்கும் வாசலாகக் கருதுகிறார்கள். சிலரோ அது இல்லாவிட்டால் கொள்கையைக் கடைப்பிடிக்க ஒருவர்கூட மிஞ்சமாட்டார்கள் என்கிறார்கள். ஓராண்டுக் கூட்டங்களைப் பதிவு செய்தவன் என்ற முறையில் என் கருத்து ஒன்றைச் சொல்ல அனுமதி கேட்கிறேன். 'இதைச் செய்பவர் நம்மைச் சேர்ந்தவரா' என்று கேட்டுத் தொடங்கிய கூட்டங்கள் எதையும் முடிவு செய்யாமலே கலைந்தன. 'இதனால் அந்த விலங்குக்கு என்ன நேர்கிறது' என்று கேட்டுத் தொடங்கிய கூட்டங்களில் பெரும்பாலும் ஏதேனும் ஒரு தீர்மானம் எழுதப்பட்டது.

மிக அதிகமாகப் பேசப்பட்டது முட்டை. கூண்டுப் பண்ணை ஒன்று கழித்துவிட்ட கோழிகளை நமது உறுப்பினர் ஒருவர் மீட்டு வளர்த்து வருகிறார். அவை இன்னும் முட்டையிடுகின்றன. கோழியை யாரும் வற்புறுத்தவில்லை, அது அடைகாக்கவும் இல்லை, கிடக்கும் முட்டையை உண்பதில் யாருக்கு என்ன தீங்கு என்று ஒரு தரப்பு கேட்டது. உண்ணத் தொடங்கிய நாளிலிருந்து அந்தக் கோழி மீண்டும் 'எத்தனை முட்டை' என்ற கணக்குக்குள் வந்துவிடும், முட்டை நின்ற பிறகு அதே அக்கறை இருக்கும் என்பதற்கு என்ன உறுதி என்று மறுதரப்பு கேட்டது.

இந்த வாதம் கொள்கை அளவிலேயே சுற்றிக்கொண்டிருந்தபோது, செயற்குழுவினர் சிலர் நேரில் சென்று பார்த்தார்கள். அங்கே ஒரு கோழி இறகுகளைச் சிலிர்த்து, வாலைத் தாழ்த்தி, கொண்டை வெளிறி, ஒரு மூலையில் அசையாமல் நின்றது. முட்டை உள்ளேயே சிக்கியிருந்தது. வெதுவெதுப்பான நீரில் அதன் வயிற்றுப் பகுதியை அமிழ்த்திவைத்து, கால்நடை மருத்துவர் வந்து பார்த்த பிறகே அது பிழைத்தது. இது ஏதோ அந்த ஒரு கோழிக்கு நேர்ந்த துரதிர்ஷ்டம் என்று சொல்லிவிட முடியாது. கோழியின் மூதாதையான சிவப்புக் காட்டுக்கோழி ஆண்டுக்குச் சுமார் 10 முதல் 15 முட்டைகளே இடும். முட்டைக்காகவே இனத்தேர்வு செய்யப்பட்ட கோழி ஏறத்தாழ 300 முட்டைகள் இடுகிறது. ஒவ்வோர் ஓட்டுக்கும் சுமார் 2 கிராம் கால்சியம் தேவைப்படுகிறது, அதில் ஒரு பகுதி அதன் எலும்பிலிருந்தே எடுக்கப்படுகிறது. பண்ணைக் கோழிகளிடம் மார்பெலும்பு முறிவு பரவலாகக் காணப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆக, யாரும் வற்புறுத்தவில்லை என்ற வாதம் அந்தக் கோழியின் உடலுக்குள் ஏற்கெனவே நடந்து முடிந்த வற்புறுத்தலைக் கணக்கில் எடுக்கவில்லை.

மீட்கப்பட்ட கோழியும் குஞ்சாக விலைக்கு வாங்கப்பட்ட கோழியும் ஒன்றல்ல என்பதும் அந்தக் கூட்டத்தில் தெளிவுபடுத்தப்பட்டது. முட்டையினக் கோழிகளில் சேவல் குஞ்சுகளால் பயனில்லை என்பதால், பொரித்த அன்றே அவற்றைக் கொல்வது அத்தொழிலின் வழக்கமாக இருந்துவருகிறது. ஜெர்மனி 2022 முதல் இதைச் சட்டப்படி தடை செய்தது. வாங்கப்பட்ட ஒரு பெட்டைக் குஞ்சுக்குப் பின்னால் கொல்லப்பட்ட ஒரு சேவல் குஞ்சு இருந்திருக்கும். இவற்றை எல்லாம் கேட்ட பிறகு செயற்குழு எடுத்த முடிவு இது: முட்டைகளை வேகவைத்து ஓட்டோடு மசித்துக் கோழிகளுக்கே தீனியாகக் கொடுக்கலாம், முட்டையிடுவதைத் தற்காலிகமாக நிறுத்தும் ஹார்மோன் சிகிச்சை பற்றிக் கால்நடை மருத்துவரின் ஆலோசனையைப் பெறலாம், சங்கத்தின் பெயரால் முட்டை யாருக்கும் வழங்கப்படக் கூடாது, இந்த விவகாரத்தை வைத்து எந்த உறுப்பினர்மீதும் நடவடிக்கை எடுக்கப்படாது. மீதியாகும் முட்டையை வீணாக்குவதும் ஒரு தவறே என்று மூத்த உறுப்பினர் ஒருவர் எழுத்து மூலம் அளித்த மாற்றுக் கருத்து குறிப்பேட்டில் சேர்க்கப்பட்டுள்ளது.

இரண்டாவது பெரிய வாதம், முட்டைக் கோழிகளைக் கூண்டில் அடைத்து வளர்க்கும் முறையை ஒழிக்கக் கோரும் மனுவில் நமது சங்கம் கையெழுத்திடலாமா என்பது. இது நம்மோடு தொடங்கிய வாதம் அன்று. 1975இல் தத்துவ அறிஞர் பீட்டர் சிங்கர், துன்பத்தை உணரும் எந்த உயிரின் நலனுக்கும் சம மதிப்பு வேண்டும் என்று வாதிட்டார். துன்பத்தைக் குறைக்கும் எந்தச் சீர்திருத்தத்தையும் அந்த நோக்கில் வரவேற்க இடமுண்டு. 1983இல் மற்றொரு தத்துவ அறிஞர் டாம் ரீகன், விலங்குகள் தத்தம் வாழ்வை வாழ்பவை, அவற்றுக்கு உரிமை உண்டு, ஆகவே அவற்றைக் கருவியாகக் கொள்வதே தவறு என்றார். சட்டப் பேராசிரியர் கேரி ஃபிரான்சியோன் இன்னும் ஒரு படி சென்று, விலங்கு சட்டத்தின் பார்வையில் உடைமையாக இருக்கும்வரை சீர்திருத்தங்கள் நுகர்வோரின் மனச்சாட்சியைத் தட்டிக்கொடுக்கவே பயன்படும் என்று விமர்சித்தார். நமது கூட்டத்தில் எழுந்த குரல்கள் எல்லாம் இந்த மூவரில் ஒருவருடையவையாகவே இருந்தன, பெயர் சொல்லப்படாவிட்டாலும்.

சீர்திருத்தத்தின் பலன் என்ன என்பதற்குச் சான்று கேட்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1999ஆம் ஆண்டு ஆணையின்படி 2012 ஜனவரி முதல் பழைய வகைக் கூண்டுகள் தடைசெய்யப்பட்டன. அந்தக் கூண்டில் ஒரு கோழிக்குக் கிடைத்த இடம் 550 சதுர சென்டிமீட்டர். நான் இப்போது கையில் வைத்திருக்கும் இந்த ஏ4 தாளைவிடக் குறைவு. அதற்கு மாற்றாக அனுமதிக்கப்பட்ட 'மேம்படுத்திய' கூண்டில் 750 சதுர சென்டிமீட்டர். இந்தத் தாளைவிடச் சற்றே கூடுதல். உட்கார ஒரு கம்பியும் முட்டையிட ஒரு மறைவிடமும் உண்டு. இதைச் சிறு வெற்றி என்று சொன்னவர்களும், இதுதான் வெற்றியா என்று கேட்டவர்களும் அதே எண்களைத்தான் மேற்கோள் காட்டினார்கள். மறுபுறம், கலிபோர்னியாவில் 2018இல் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறி, 2023இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் தடுக்க மறுத்துவிட்ட சட்டம், கூண்டில் அடைத்த கோழிகளின் முட்டையை அம்மாநிலத்தில் விற்பதையே தடுக்கிறது. கூண்டில் இன்று நிற்கும் கோழியிடம், உடைமை என்ற நிலை ஒழியும்வரை பொறுத்திரு என்று சொல்லும் தகுதி நமக்கில்லை என்பது பெரும்பான்மையோரின் கருத்தாக இருந்தது. கூண்டை ஒழிக்கக் கோரும் மனுக்களில் கையெழுத்திடுவது என்றும், எந்த முட்டையையும் இறைச்சியையும் 'கருணையோடு உற்பத்தியானது' எனப் பாராட்டும் சான்றிதழிலோ விளம்பரத்திலோ சங்கத்தின் பெயரைச் சேர்ப்பதில்லை என்றும் தீர்மானிக்கப்பட்டது. கோரிக்கைக்கும் பாராட்டுக்கும் இடையே போடப்பட்ட இந்தக் கோடு மெல்லியது என்று சிலர் குறைபட்டாலும், இதுவரை அது தாங்கியே நிற்கிறது.

பயிர்ச் சாகுபடியிலும் விலங்குகள் சாகின்றனவே என்ற கேள்வியை வெளியார் கேலியாகக் கேட்பதுண்டு. இந்த ஆண்டு நமது இளம் உறுப்பினர்களே அதை அக்கறையோடு எழுப்பினார்கள். 2003இல் ஸ்டீவன் டேவிஸ் என்ற கால்நடை அறிவியல் பேராசிரியர், உழவிலும் அறுவடையிலும் சாகும் சிறு விலங்குகளை எண்ணினால், மேய்ச்சல் நிலத்தில் மாடு வளர்ப்பதே குறைந்த உயிர்களைப் பலிகொள்ளும் என்று வாதிட்டார். அதே ஆண்டில் கேவரிக் மாத்தனி என்ற ஆய்வாளர் அளித்த மறுப்பு எளிமையானது: டேவிஸ் ஹெக்டேருக்கு எத்தனை சாவு என்று கணக்கிட்டாரே தவிர, உணவின் அளவுக்கு எத்தனை சாவு என்று கணக்கிடவில்லை. 1,000 கிலோ புரதத்தைச் சோயாவும் மக்காச்சோளமும் சுமார் 1 ஹெக்டேரில் தரும். புல் மேயும் இறைச்சி மாடுகளுக்கு 10 ஹெக்டேர் வேண்டும். மேலும், 1993இல் வெளியான இங்கிலாந்து ஆய்வொன்றில், ரேடியோ பட்டை பூட்டிக் கண்காணிக்கப்பட்ட 33 வயல் எலிகளில் அறுவடை இயந்திரத்தால் நேரடியாக இறந்தது ஒன்றே. மறைவிடம் போனதால் பின்னர் வேட்டை விலங்குகளுக்கு இரையானவையே மிகுதி. இதனால் நமது பொறுப்பு தீர்ந்துவிட்டதாகக் கருத வேண்டாம் என்று எடுத்துச் சொன்ன உறுப்பினருக்கு என் நன்றி. எலி மருந்து எவ்வளவு மெதுவாகக் கொல்கிறது என்பதைத் தாவர உணவு உண்பவர்களும் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும்.

நமது காப்பகப் பூனைகளின் உணவு குறித்து எழுந்த சர்ச்சை கசப்பானது. ஒரு பூனைக்காகப் பல கோழிகளையும் மீன்களையும் கொல்வது எந்த நியாயம் என்ற கேள்விக்கு எளிய பதில் இல்லை. ஆனால் பூனை இறைச்சி உண்டே வாழும் உடலமைப்புக் கொண்டது; டாரின் என்ற சத்து குறைந்தால் அதன் இதயத் தசை தளர்ந்துவிடும் என்பது 1987இல் நிறுவப்பட்டது. இன்று செயற்கை டாரின் சேர்த்த தாவர உணவுகள் கிடைக்கின்றன. எனினும் ஆண் பூனைகளின் சிறுநீரில் படிகம் சேர்ந்து பாதை அடைபடும் ஆபத்தைக் கால்நடை மருத்துவர் சுட்டிக்காட்டினார். காப்பகப் பூனைக்கு எதைக் கொடுப்பது என்பதில் மருத்துவரின் சொல்லே இறுதியானது; கருத்தடை தவறாமல் செய்யப்படும்; இறைச்சி வாங்க மனம் ஒப்பாத உறுப்பினர்கள் முயல் போன்ற தாவர உண்ணிகளைத் தத்தெடுக்கலாம் என்று செயற்குழு தீர்மானித்தது. இத்தீர்மானத்தை ஏற்காமல் காப்பகப் பணியிலிருந்து விலகியவர்கள் உண்டு. அவர்கள் சங்கத்தில் தொடர்கிறார்கள்.

மருந்து பற்றி விவாதம் நடத்த நான் விரும்பவில்லை, ஆயினும் ஒரு தீர்மானம் தேவைப்பட்டது. ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெபாரின் பன்றிக் குடலிலிருந்து எடுக்கப்படுகிறது என்பதற்காக, சிகிச்சையை மறுக்க ஓர் உறுப்பினர் எண்ணியிருந்தது தெரியவந்தது. எந்த உறுப்பினரிடமும் அவர் உட்கொள்ளும் மருந்தைப் பற்றி யாரும் கேள்வி கேட்கக் கூடாது என்று செயற்குழு ஒருமனதாக முடிவு செய்தது. மாட்டிலிருந்தும் பன்றியிலிருந்தும் எடுக்கப்பட்ட இன்சுலினுக்கு மாற்றாக, நுண்ணுயிர்கள் உருவாக்கும் மனித இன்சுலின் 1982இல் ஒப்புதல் பெற்றது. நமது உழைப்பு அத்தகைய மாற்றுகளைக் கோருவதில் செலவாகட்டும். பி12 சத்து பாக்டீரியாக்களிடமிருந்தே பெறப்படுகிறது, அதை உறுப்பினர்கள் தவறாமல் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதையும் இங்கே நினைவூட்டுகிறேன்.

மூளை இல்லாத, சில நரம்புக் கணுக்கள் மட்டுமே கொண்ட சிப்பி துன்பத்தை உணருமா என்று ஒரு மாலை முழுதும் பேசினோம். உண்ண விரும்பும் ஒருவர்கூட அவையில் இல்லாத பொருளுக்கு அது சற்று அதிகம். சந்தேகத்தின் பலனைச் சிப்பிக்கே அளிப்பது என்று முடித்தோம். தேன் குறித்த பழைய நிலைப்பாட்டில் மாற்றமில்லை.

பிரசாரத்தில் மனிதர்களின் பேரவலங்களை உவமையாகக் காட்டலாமா என்ற கேள்வியும் வந்தது. 2003இல் பீட்டா அமைப்பு பண்ணை விலங்குகளின் படங்களை நாஜி வதைமுகாம்களின் படங்களோடு அருகருகே வைத்து நடத்திய பிரசாரம், ஜெர்மனியில் நீதிமன்றத் தடைக்கு உள்ளானது; அத்தடை கருத்துரிமையை மீறவில்லை என்று 2012இல் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் அனுமதிப்பதும் அனுமதிக்காததும் ஒருபுறம் இருக்கட்டும். தம் முன்னோர் பட்ட வதையைப் பிறர் கையிலெடுப்பதை விரும்பாத உறுப்பினர்கள் நம்மிடையே பேசியதைக் கேட்ட பிறகு, அத்தகைய ஒப்பீடுகள் சங்கத்தின் துண்டறிக்கைகளில் இடம்பெறாது என்று தீர்மானிக்கப்பட்டது.

இரண்டு பொருள்கள் வரும் ஆண்டுக்கு ஒத்திவைக்கப்பட்டுள்ளன. முதலாவது, உயிரணுக்களிலிருந்து வளர்க்கப்படும் இறைச்சி. 2013இல் நெதர்லாந்து விஞ்ஞானி மார்க் போஸ்ட் உருவாக்கிய அத்தகைய இறைச்சி லண்டனில் சமைத்துக் காட்டப்பட்டது. 2020இல் சிங்கப்பூர் அதன் விற்பனைக்கு முதன்முதலில் ஒப்புதல் அளித்தது. வெட்டப்பட்ட சினைப் பசுவின் கருவிலிருந்து எடுக்கும் சீரம் தொடக்கத்தில் அதற்குப் பயன்படுத்தப்பட்டது. சீரம் இல்லாத முறைகள் இப்போது வந்துள்ளன. இதை வரவேற்பதா, விலகி நிற்பதா என்பதில் செயற்குழு சரிபாதியாகப் பிரிந்து நிற்கிறது. இரண்டாவது, காட்டு விலங்குகள் பசியாலும் நோயாலும் படும் துன்பத்தில் மனிதர் தலையிடலாமா என்பது. காட்டு விலங்குகளைத் தன்னாட்சி கொண்ட சமூகங்களாக மதித்து விலகி நிற்க வேண்டும் என்று 2011இல் வாதிட்ட எழுத்தாளர் சூ டொனால்ட்சன், தத்துவ அறிஞர் வில் கிம்லிக்கா ஆகியோரின் கருத்தையும், உதவ இயலும் இடத்தில் உதவுவதே கடமை என்னும் தத்துவ அறிஞர் ஆஸ்கர் ஹோர்ட்டாவின் கருத்தையும் படித்து அறிக்கை தர ஒரு சிறு குழு அமைக்கப்பட்டுள்ளது. அக்குழுவில் சேர விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் இணைச் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம்.

காப்பகப் பணியாளர்களுக்கும், கட்டணம் பெறாமல் வந்துதவிய கால்நடை மருத்துவருக்கும், மாற்றுக் கருத்தை எழுதிக் கொடுத்து ஒத்துழைத்த உறுப்பினர்களுக்கும் செயற்குழுவின் சார்பில் நன்றி தெரிவித்து, இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்குப் பணிவுடன் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்