பேலன்சர் விற்கும் வணிகர்களுக்கு: பெட்டிக்குள் அந்த ஒரு தாளை வையுங்கள்

லித்தியம் செல், பி.எம்.எஸ். (பேட்டரியைக் காக்கும் கட்டுப்பாட்டு போர்டு), ஆக்டிவ் பேலன்சர் ஆகியவற்றை இறக்குமதி செய்து, சென்னை ரிச்சி தெருவிலும் பிற ஊர்களிலும் ஆன்லைனிலும் விற்கும் வணிகர்களுக்கு,

வணக்கம்.

வீட்டு சோலாருக்கும் இன்வெர்ட்டருக்கும் பேட்டரியைத் தாங்களே கட்டிக்கொள்பவர்களும், அப்படிக் கட்டியவை படுத்தால் பழுது பார்ப்பவர்களும் சேர்ந்து இதை எழுதுகிறோம். பேலன்சர் என்பது ஒரு செல்லிலிருந்து எடுத்து இன்னொன்றுக்கு ஊட்டி, செல்களைச் சமன் செய்யும் போர்டு என்று உங்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. நீங்கள் விற்கிற பொருள், எங்களைவிட அதிகம் பார்த்திருப்பீர்கள். எங்களை எழுத வைத்தது, உங்களில் பலர் கவுன்டரிலும் விளம்பரத்திலும் திரும்பத் திரும்பச் சொல்லும் ஒரு வாக்கியம்: "இதை மாட்டிவிட்டால் போதும், டாப் பேலன்ஸ் எல்லாம் வேண்டாம், மறந்துவிடலாம்." (டாப் பேலன்ஸ் என்பது எல்லாச் செல்களையும் முழு சார்ஜில் ஒன்றாகச் சமன் செய்வது.)

அந்த வார்த்தையை நம்பி மாட்டிய பேக்குகள்தான் (செல்களைச் சேர்த்துக் கட்டிய பேட்டரிகள்) இப்போது வரிசையாகப் பழுதுக்கு வருகின்றன. எங்கள் கோரிக்கை ஒன்றுதான். விற்கும் ஒவ்வொரு பேலன்சரோடும் தமிழில் ஒரு தாள் வையுங்கள். அது எந்த வோல்டேஜில் வேலையைத் தொடங்கும், எதில் நிறுத்தும், நாமாக நிறுத்த வழி உண்டா என்பது அதில் இருக்கட்டும்.

ஆக்டிவ் பேலன்சரே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. சாதாரண பி.எம்.எஸ். உள்ளே இருக்கும் ரெசிஸ்டர் வழியாக 50 மில்லி ஆம்பியர் அளவில்தான் உபரியை எரிக்கிறது. 280 ஏ.எச். (ஆம்பியர்-மணி, கொள்ளளவின் அளவு) செல்லில் 6 ஏ.எச். வித்தியாசம் இருந்தால் அதைச் சரிசெய்ய 120 மணி நேரம் வேண்டும். அதுவும் செல்கள் உச்சிக்குப் பக்கத்தில் இருக்கும் நேரத்தை மட்டுமே கணக்கில் சேர்க்க முடியும். சோலாரில் அந்த நேரம் ஒரு நாளைக்கு ஒரு மணியோ இரண்டு மணியோ கிடைத்தால் பெரிது. பெரிய செல்லுக்கு 2 ஆம்பியர் பேலன்சர் அவசியம் என்று நாங்களே சொல்லித்தான் பலர் உங்கள் கடைக்கு வருகிறார்கள்.

ஆனால் எல்.எஃப்.பி. (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) செல்லின் குணம் வேறு. 20 சதவீதத்திலிருந்து 90 சதவீதம் வரை அதன் வோல்டேஜ் 3.2க்கும் 3.35க்கும் இடையிலேயே கிடக்கும். அந்தச் சமவெளியில் இரண்டு செல்களின் வோல்டேஜ் ஒன்றாக இருக்கிறது என்பதற்காக இரண்டிலும் ஒரே அளவு சார்ஜ் இருக்கிறது என்று சொல்ல முடியாது. உண்மை வெளியே வருவது இரண்டு நுனிகளில்தான். மேல்நுனியில் சமன் செய்தால் பேக் நன்றாக ஓடும். கீழ்நுனியிலும் சேர்த்துச் சமன் செய்யக் கிளம்பினால் முந்தைய நாள் செய்த வேலை முழுவதும் கலைந்துவிடும். எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும், நிறுத்த வழியில்லாத பேலன்சர் செய்வது இதைத்தான்.

பழுதுக்கு வரும் பேக்கில் என்ன நடந்திருக்கிறது என்று கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். 16 செல், 280 ஏ.எச்., 51.2 வோல்ட். பதினைந்து செல்கள் சரியாக 280 நிற்கின்றன, ஒன்று மட்டும் 270. கிரேடு எதுவாக இருந்தாலும் வீட்டில் கட்டும் பேக்கில் இது சகஜம், இது குறையே இல்லை. டாப் பேலன்ஸ் ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள். ஒரு நாள் ராத்திரி கரண்ட் நீண்ட நேரம் வரவில்லை, பேக்கிலிருந்து 250 ஏ.எச். இறங்கிவிட்டது. மற்ற செல்களில் 30 மீதம், சின்னதில் 20. சின்ன செல் வளைவில் இறங்கத் தொடங்குகிறது, வோல்டேஜ் மற்றவற்றைவிட நன்றாகவே குறைகிறது. பேலன்சர் அதைப் பார்த்து, மற்ற செல்களிலிருந்து எடுத்து 2 ஆம்பியர் வீதம் அதற்கு ஊட்டுகிறது. மூன்று மணி நேரத்தில் 6 ஏ.எச். போய்விட்டது.

மறுநாள் வெயில் ஏறுகிறது, 40 ஆம்பியர் சார்ஜ் ஓடுகிறது. ராத்திரி 6 ஏ.எச். கூடுதலாக வாங்கிய அந்தச் சின்ன செல், மற்றவை நிறைய 9 நிமிடம் இருக்கும்போதே 3.65 வோல்ட்டைத் தொட்டுவிடுகிறது. மற்ற பதினைந்தும் இன்னும் 3.4ஐக்கூடத் தாண்டவில்லை. பி.எம்.எஸ். தன் கடமைப்படி சார்ஜை வெட்டுகிறது. சில இன்வெர்ட்டர்கள் சார்ஜ் ஓடும்போது பேட்டரி பட்டென்று கழன்றால் எரர் காட்டி மொத்தமாக அணைந்துவிடும். நடுப்பகலில், பேனலில் முழு வெயில் இருக்கும்போது, வீட்டில் ஃபேன் ஓடாது. பேலன்சருக்கு இதைத் திருத்த நேரமும் இல்லை. அந்த 9 நிமிடத்தில் 2 ஆம்பியர் வீதம் 0.3 ஏ.எச்.தான் திருப்பி எடுக்க முடியும்.

வீட்டுக்காரர் உங்களிடம் போன் செய்கிறார். "செல் வீக், மாத்துங்க" என்கிறீர்கள், அல்லது "5 ஆம்பியர் போர்டு போடுங்க". பெரிய போர்டு போட்டால் ராத்திரி 6 ஏ.எச்.ஐவிட அதிகமாகவே போகும். மறுநாள் இன்னும் சீக்கிரமாகவே வெட்டும். நல்ல செல்லைத் தூக்கிப் போட்டு ஆயிரக்கணக்கில் செலவழித்த பிறகும் நோய் அப்படியே இருக்கிறது. எங்கள் வருத்தம் முழுவதும் இந்த இடத்தில்தான்.

போர்டு 3.40 வோல்ட்டுக்கு மேல் மட்டும் வேலை செய்திருந்தால் இதில் எதுவும் நடந்திருக்காது. மொபைல் செயலியில் தொடக்க வோல்டேஜ் வைக்க முடிகிற போர்டுகளும், ஆக்டிவ் பேலன்சர் உள்ளேயே இருக்கும் பி.எம்.எஸ்.களும் நீங்களே விற்கிறீர்கள். அவற்றில் தொடக்கம் 3.40 அல்லது 3.42, வித்தியாசம் 10 மில்லிவோல்ட், சார்ஜர் 55.2 வோல்ட்டில் ஒரு மணி நேரம் நின்று பிறகு 53.6க்கு இறங்குவது என்று வைத்தாலே பெரும்பாலான பேக்குகள் அடங்கிவிடும். வாங்குகிறவருக்கு இதைச் சொல்ல இரண்டு வரி போதும். அந்த இரண்டு வரி ஏன் பெட்டியில் இல்லை?

அமைக்க வழியில்லாத கெபாசிட்டர் போர்டுகளுக்கும் தீர்வு உண்டு. சிலவற்றில் ஓட்டவும் நிறுத்தவும் இரண்டு பின் இருக்கும். அதை ஒரு வோல்டேஜ் ரிலே வழியாக இணைத்து, பேக் 54.4ஐத் தாண்டினால் ஓடவும் 53.6க்குக் கீழே வந்தால் நிற்கவும் வைக்கலாம். அந்தப் பின் இல்லாத போர்டில் பதினேழு ஒயரையும் கழற்றுவதைத் தவிர வேறு வழி கிடையாது. பார்வைக்கு இரண்டு போர்டும் ஒன்றுபோலவே இருக்கும், பெட்டியிலும் ஒரே எழுத்து. எதில் பின் உண்டு, எதில் இல்லை என்று பணம் கொடுக்கும் முன் தெரிந்துகொள்ள வாங்குகிறவருக்கு வழியே இல்லை.

பெட்டியில் போடும் "5 ஆம்பியர்" பற்றியும் சொல்ல வேண்டும். கெபாசிட்டர் போர்டில் ஓடும் கரண்ட், செல்களின் வோல்டேஜ் வித்தியாசத்தைப் பொறுத்தது. 1 வோல்ட் வித்தியாசத்தில் 5 ஆம்பியர் என்றால், 20 மில்லிவோல்ட்டில் அது 0.1 ஆம்பியர்தான். ஆரோக்கியமான பேக்கில் 1 வோல்ட் வித்தியாசம் வரவே கூடாது. போர்டு பொய் சொல்லவில்லை, எந்த வித்தியாசத்தில் அளந்தது என்பதை எழுதாமல் விட்டதுதான் குறை. அதையும் எழுதுங்கள்.

அடுத்தது ஒயர். பி.எம்.எஸ். செல் வோல்டேஜைப் பார்க்கும் சென்ஸ் ஒயரிலேயே பேலன்சரையும் சேர்த்து மாட்டச் சொல்லி அனுப்புகிறீர்கள். 22 கேஜ் ஒயர் ஒரு மீட்டருக்கு 53 மில்லி ஓம். செல்லுக்குப் போகவரச் சேர்த்து ஒரு மீட்டர் இருந்து, அதில் 2 ஆம்பியர் ஓடினால் 0.1 வோல்ட் ஒயரிலேயே விழுந்துவிடும். பேலன்சர் உச்சியில் இருக்கும் செல்லிலிருந்து இழுக்கும்போது, 3.65ஐத் தொட்ட செல் பி.எம்.எஸ். கண்ணுக்கு 3.55 ஆகத் தெரியும். பாதுகாப்புக்கு வைத்த கருவியே தவறாகப் படிக்கிறது. பேலன்சருக்குத் தனி ஒயர் வேண்டும், குறைந்தது 0.75 ஸ்கொயர் எம்எம், எல்லாம் ஒரே நீளம், ஒவ்வொன்றிலும் செல் முனைக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸ். 280 ஏ.எச். செல்லில் மெல்லிய ஒயர் ஷார்ட் ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும், இன்சுலேஷன் அந்தக் கணமே பற்றிக்கொள்ளும். பிளக்கைப் போர்டில் செருகும் முன் பேக் நெகட்டிவிலிருந்து ஒவ்வொரு பின்னையும் மல்டிமீட்டரில் பார்க்க வேண்டும். படிப்படியாக 3.3 வோல்ட் ஏறிக்கொண்டே போக வேண்டும், ஒரு இடத்தில் ஏறாமல் நின்றாலோ இரட்டிப்பாகத் தாண்டினாலோ செருகவே கூடாது. செல்களை இணைக்கும் உலோகப் பட்டையான பஸ்பாரைக் கழற்றும் முன் பேலன்சர் பிளக்கைத்தான் முதலில் எடுக்க வேண்டும். லோடு இருக்கும்போது ஒரு பஸ்பார் விட்டால் முழு பேக் வோல்டேஜும் பக்கத்துப் பக்கத்து இரண்டு பின்களுக்கு நடுவே வந்து போர்டு கருகும். இப்படிக் கருகியதை "தப்பா மாட்டிட்டீங்க, வாரன்டி இல்லை" என்று திருப்பி அனுப்புகிறீர்கள். எப்படிச் சரியாக மாட்டுவது என்று எங்கே சொன்னீர்கள்?

தளர்ந்த நட்டையும் பேலன்சர் மறைத்துவிடுகிறது. ஒரு மூட்டில் அரை மில்லி ஓம் கூடினால், 50 ஆம்பியரில் அது 25 மில்லிவோல்ட். போர்டுக்கு அது செல்லின் குறையாகத்தான் தெரியும். டிஸ்சார்ஜில் அந்தச் செல்லுக்கு ஊட்டும், சார்ஜில் அதிலிருந்து எடுக்கும். வித்தியாசம் எவ்வளவு இருந்தாலும் ஒரே கரண்ட் தரும் போர்டுகளில் இந்த இரண்டும் நேராகிவிடாது. டிஸ்சார்ஜ் ராத்திரி முழுக்க மெதுவாக ஓடுகிறது, சார்ஜ் பகலில் சில மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. பேலன்சரை நிறுத்திவிட்டு, லோடு போட்டு, ஒவ்வொரு பஸ்பாரின் குறுக்கிலும் மில்லிவோல்ட் பார்த்தால் தளர்ந்த மூட்டு உடனே தெரிந்துவிடும். அதற்கும் முதலில் நிறுத்த வழி இருக்க வேண்டும். உள்ளுக்குள் கசியும் செல் விஷயத்தில் ஆபத்து இன்னும் அதிகம். தினமும் பக்கத்துச் செல்கள் அதற்கு ஊட்டிக்கொண்டே இருப்பதால், அது கெட்டுப்போவது மாதக்கணக்கில் கண்ணில் படாது. பேலன்சரைக் கழற்றி, முழு சார்ஜ் செய்து, ஒரு வாரம் சும்மா வைத்துப் பார்த்தால்தான் அது மட்டும் இறங்கிக்கொண்டே போவது தெரியும்.

டாப் பேலன்ஸ் வேண்டாம் என்று தயவுசெய்து இனி சொல்லாதீர்கள். அது ஒன்றும் மலையைப் புரட்டும் வேலை இல்லை. பதினாறு செல்லையும் எடுத்த உடனே பேரலலில் கட்டி 10 ஆம்பியர் பவர் சப்ளை போட்டால், 4480 ஏ.எச். கிணற்றில் பாதியை நிரப்ப ஒன்பது நாளுக்கு மேல் ஆகும். அதில் பொறுமை இழந்துதான் பலர் உங்கள் பேச்சை நம்புகிறார்கள். முதலில் பி.எம்.எஸ்.ஸோடு சீரிஸில் கட்டி, ஏதாவது ஒரு செல் 3.65 தொட்டு வெட்டும் வரை சார்ஜ் ஏற்றினால், பெரும்பகுதி அங்கேயே முடிந்துவிடும். அதற்குப் பிறகு பேரலலில் மாற்றி, பவர் சப்ளையை எதிலும் மாட்டாமல் வெறுமனே 3.65க்கு வைத்துக்கொண்டு, பிறகு மாட்டி, கரண்ட் ஏறக்குறைய பூஜ்ஜியத்துக்கு வரும் வரை விட்டால் போதும். நடுவில் வோல்டேஜ் குமிழைத் திருகக் கூடாது. இதையும் அந்தத் தாளின் பின்பக்கத்தில் அச்சிடலாம்.

பேலன்சரோடு இது நிற்கவில்லை. உறையில் இறக்குமதி செய்தவர் பெயர் இல்லை, முகவரி இல்லை, புகார் சொல்ல எண் இல்லை. இவை இருந்தே ஆக வேண்டும் என்று 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகள் சொல்கின்றன. பொருளின் தரம், திறன் பற்றித் தெரிந்துகொள்வது வாங்குபவரின் உரிமை என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. செல்லின் மேல் இருக்கும் கியூஆர் குறியைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பொறித்து, பழைய செல்லைப் புதியதென்று விற்கிறார்கள். கொள்ளளவு அளந்த தாள் கேட்டால் முறைக்கிறார்கள். கஷ்டப்பட்டுச் சேர்த்த பணத்தில் கரண்ட் பில்லைக் குறைக்கலாம் என்று வருகிற மனிதரை இப்படி நடத்தலாமா?

கோபத்தில் பேச்சு வளர்ந்துவிட்டது, மன்னியுங்கள். உங்களில் எல்லோரும் அப்படி இல்லை என்பதும் எங்களுக்குத் தெரியும். அளந்து கொடுப்பவர்களும், இரவு போன் எடுத்து வழி சொல்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களை நம்பித்தான் இந்த மடலே.

மறுபடியும் பணிவோடு கேட்கிறோம். ஒரு தாள். எல்.எஃப்.பி.க்கா, இன்னொரு லித்தியம் வகையான என்.எம்.சி.க்கா, இரண்டுக்குமா. எந்த வோல்டேஜில் தொடங்கும், எதில் நிற்கும். எத்தனை மில்லிவோல்ட் வித்தியாசத்தில் எத்தனை ஆம்பியர். சும்மா இருக்கும்போது எவ்வளவு குடிக்கும். 20 மில்லி ஆம்பியர் குடித்தால் மாதத்துக்கு 14.4 ஏ.எச். போய்விடும், ஊருக்குப் போய் வருபவருக்கு இது தெரிய வேண்டும். நிறுத்தும் பின் உண்டா, இல்லையா. ஒயர் மாட்டும் வரிசை, படத்தோடு. இவ்வளவும் ஏ4 தாளின் ஒரு பக்கத்தில் அடங்கும். எழுதிக் கொடுக்க ஆள் இல்லை என்றால் சொல்லுங்கள். நீங்கள் போர்டும் அதன் விவரமும் கொடுத்தால், அளந்து பார்த்து, தமிழில் எழுதி, படமும் வரைந்து நாங்களே தருகிறோம். காசு வேண்டாம்.

அந்தத் தாள் வரும் வரை, எங்களிடம் யோசனை கேட்டு வருகிறவர்களுக்கு, நிறுத்தும் பின் இல்லாத போர்டை வாங்காதீர்கள் என்றுதான் சொல்வோம்.

இப்படிக்கு,
வீட்டு லித்தியம் பேட்டரி கட்டுவோரும் பழுது பார்ப்போரும்