அந்தக் கையெழுத்து வேண்டாம்: ஆய்வு நெறிமுறைக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

பல்கலைக்கழக ஆய்வு நெறிமுறைக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். வடசென்னையில் ஊசி மூலம் போதை எடுப்பவர்களிடையே களப்பணி செய்பவன் நான். சமூகப்பணி, சமூகவியல் மாணவர்கள் ஆய்வுக்கு ஆள் கேட்டு எங்களிடம் வருவார்கள். நீங்கள் ஒப்புதல் தந்த சம்மதப் படிவம் கையில் இருக்கும். அடியில் பெயர், கையெழுத்து, தேதி.

1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் 27ஆம் பிரிவு இருக்கிறது. விற்பது மட்டுமல்ல, எடுப்பதே குற்றம். ஹெராயின் என்றால் ஓராண்டு வரை சிறை. கேள்வித்தாளில் பெயர் வராது, எண் மட்டும்தான் என்று மாணவர் சத்தியம் செய்வார். உண்மைதான். ஆனால் இன்னார் இந்த ஆய்வில் இருந்தார் என்பதற்கு மிஞ்சும் ஒரே எழுத்துச் சாட்சி, அவருடைய பாதுகாப்புக்கென்று நீங்கள் வாங்கச் சொன்ன கையெழுத்து. பேனாவை வாங்கி, படிவத்தை முன்னும் பின்னும் புரட்டி, "டீ குடிச்சிட்டு வரேண்ணா" என்று எழுந்து போகிறவர் திரும்பி வரமாட்டார்.

மாணவர் என்ன செய்வார், பாவம்? மறுவாழ்வு மையத்துக்குப் போய், வீட்டார் கொண்டுவந்து சேர்த்தவர்களைக் கேட்டு ஆய்வை முடித்துவிடுவார். பாலத்தடியில் இருப்பவரைப் பற்றி அதில் ஒரு வரி இருக்காது.

அமெரிக்கச் சமூகவியலாளர் டக்ளஸ் ஹெக்கத்தார்ன் 1997இல் எழுதிய முறை, இப்படி மறைந்திருப்பவர்களை எட்டவென்றே வந்தது. முதலில் சிலரை 'விதை'யாகப் பிடிப்பது. ஆளுக்குப் பெரும்பாலும் மூன்று கூப்பன். அதில் ஆளின் பெயர் இருக்காது, எண்தான். தனக்குத் தெரிந்தவரிடம் அவரே கொடுப்பார். வந்தவரும் அப்படியே அடுத்தவருக்குக் கொடுப்பார்; சங்கிலி நீளும். பேட்டிக்கு ஒரு தொகை, தான் கொடுத்த கூப்பனோடு வந்து சேர்ந்தவருக்காக இன்னொரு தொகை. மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியிட்ட தேசிய ஆய்வு, வீடு வீடாகப் போனதோடு நிற்காமல் இம்முறையில் 70,000க்கும் மேற்பட்டோரைச் சந்தித்தது. விதையில்தான் கவனம் வேண்டும். பழைய ஆட்களுக்கும், வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றும் இளவட்டங்களுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. இங்கே தொடங்கிய சங்கிலி அங்கே போகாது. பெண்களை எட்ட, ஒரு பெண்ணிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

பணம் கொடுத்தால் சரக்கு வாங்கிவிடுவார் என்கிறீர்கள். அரை நாள் கூலியை விட்டுவிட்டு வருகிறார். குழு உறுப்பினர்களுக்குத் தரும் அமர்வுப் படி எதற்குச் செலவாகிறது என்று யாரும் விசாரிப்பதில்லையே! தொகையைக் கொடுங்கள், வவுச்சரோடு ஆதார் நகல் கேட்கும் கணக்குப் பிரிவிடம் நீங்களே பேசி, கூப்பன் எண்ணே போதும் என்று எழுதிக் கொடுங்கள்.

கையெழுத்து இல்லாமல் எப்படி என்ற கேள்விக்கு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்) 2017 வழிகாட்டு நெறிகளிலேயே பதில் இருக்கிறது: தக்க காரணம் இருந்தால், குழுவின் ஒப்புதலோடு வாய்மொழிச் சம்மதம் பெறலாம். ஒப்புதல் தர வேண்டியவர்கள் நீங்கள்தான். குழுவில் பொதுமக்கள் சார்பில் உறுப்பினர் ஒருவர் இருக்க வேண்டும் என்பதும் அதே நெறிகளில் உண்டு. அடுத்த முறை அந்த நாற்காலிக்கு, ஊசியை விட்டு வந்த ஒருவரைக் கூப்பிடுங்கள். ஆள் வேண்டுமென்றால் நாங்கள் சொல்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு களப்பணியாளர், வடசென்னை