அத்தைக்கு: மும்பையில் உங்கள் பத்து மணி நேரம்

அன்புள்ள அத்தைக்கு,

சிங்கப்பூரிலிருந்து நீங்கள் வரும் கப்பல் மும்பையில் ஒரு பகல் நிற்கப்போகிறது. அன்றைக்கென்று கப்பல்காரர்கள் போட்ட சுற்றுலாப் பட்டியலை நேற்று ராத்திரி அனுப்பியிருந்தீர்கள், போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படித்து முடித்தேன். "இதில் எதுக்குப் பணம் கட்டட்டும்? அஜந்தா ஏன் இல்லை?" என்று கேட்டிருந்தீர்கள். வாட்ஸ்அப்பில் பதில் தட்ட ஆரம்பித்தேன், அது நீண்டுகொண்டே போயிற்று. போன மாதம் எங்கள் மாடி வீட்டு மாமியும் துபாயிலிருந்து வரும் மகனுக்காக இதையேதான் கேட்டார். அதனால் எல்லோருக்குமாக இங்கேயே எழுதிவிடுகிறேன். வீட்டு விஷயத்தை ஊருக்குச் சொல்கிறாளே என்று மாமா முணுமுணுத்தால் நீங்கள்தான் சமாளிக்க வேண்டும்.

அஜந்தாவை முதலில் முடித்துவிடலாம். பள்ளிக்கூட வயதில் தொடர்கதையில் படித்த நாளிலிருந்து உங்களுக்கு அந்த ஆசை உண்டு என்று தெரியும். ஆனால் மும்பைக்குப் பக்கத்தில் இல்லை அது. ஔரங்காபாத், இப்போதைய சம்பாஜிநகர், இங்கிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல். அங்கிருந்து அஜந்தா இன்னொரு 100. காலை 7 மணிக்குக் கரை சேர்ந்து மாலை 6 மணிக்குக் கிளம்பும் கப்பலில் வருகிறவர்களுக்கு அது ஆகிற காரியமில்லை. அதற்கென்றே மூன்று நாள் ஒதுக்கிக்கொண்டு இன்னொரு முறை வாருங்கள், நானும் கூட வருகிறேன்.

அடுத்தது நீங்கள் டிக் அடித்து அனுப்பிய கார்லா குகை. இதைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. இந்தியாவில் பாறையைக் குடைந்து செய்த சைத்தியங்களில், அதாவது பௌத்த வழிபாட்டு மண்டபங்களில், பெரியது அதுதான். உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால் கூரையில் வளைவு வளைவாக மர விலா எலும்புகள் தெரியும். கல் கூரைக்கு மரத்தாங்கல் எதற்கு? எதற்கும் இல்லை. மரக்கட்டடம் கட்டிப் பழகிய கை, கல்லைக் குடைந்தபோதும் பழக்கத்தை விடவில்லை. ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷத்து மரம் இன்னும் அங்கே இருக்கிறது. குகை வாசலை ஒட்டியே ஏக்வீரா தேவி கோயில், இங்குள்ள கோலி மீனவர்களுக்குக் குலதெய்வம்.

ஆனால் பட்டியலில் "9 மணி நேரம்" என்று போட்டிருக்கிறார்களே, அதைப் பிரித்துப் பாருங்கள். துறைமுகத்திலிருந்து 100 கிலோமீட்டருக்கு மேல். ஊரைத் தாண்டி, மலைப்பாதையில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போய்ச் சேர இரண்டரை மூன்று மணி நேரம். திரும்பவும் அதே. நடுவில் சாப்பாடு, பஸ் நின்ற இடத்திலிருந்து 300க்கும் மேற்பட்ட படிகள். உங்கள் முழங்கால் அந்தப் படிகளைப் பற்றி என்ன சொல்லும் என்று நான் சொல்லத் தேவையில்லை. குகைக்குள் நிற்கக் கிடைப்பது ஒரு மணி நேரம் இருந்தால் அதிகம்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நாங்கள் இங்கிருந்து கப்பலில் போய்க் கொச்சியில் ஒரு நாள் நின்றோம். ஆலப்புழையில் படகுவீடு பார்க்காமல் வரக் கூடாது என்று இவர் ஒரே பிடிவாதம். ஐம்பது சொச்சம் கிலோமீட்டர்தானே என்று நாங்களாகவே கார் பிடித்தோம். போகும்போதே இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. படகில் ஐம்பது நிமிஷம் உட்கார்ந்திருப்போம், அதிலும் பாதி நேரம் அவர் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பும்போது அரூர் பக்கம் மேம்பால வேலை. வண்டி நகரவே இல்லை. டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டுக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டார். அந்த அமைதியில் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. கப்பலில் ஏறும் கேங்வே பாலத்தை எடுப்பதற்குப் பத்து நிமிஷம் முன்னால் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினோம். மேல் தளத்தில் நின்றவர்கள் கைதட்டினார்கள். அதைவிட வயிற்றெரிச்சல், கப்பல் நகர்ந்தபோது ஃபோர்ட் கொச்சியின் சீன வலைகள் வரிசையாகக் கண்முன்னே கடந்து போனதுதான். காலையில் ஒரு படகு பிடித்திருந்தால் அரை மணியில் அங்கே நின்றிருப்போம்.

அதனால் ஒன்று சொல்கிறேன். தூரமாகப் போவதென்றால் கப்பல்காரர்கள் நடத்தும் சுற்றுலாவில் மட்டும் போங்கள். அவர்கள் பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும், இல்லாவிட்டால் அடுத்த துறைமுகத்துக்கு அவர்களே கொண்டு சேர்ப்பார்கள். நீங்களாகப் போய் மாட்டிக்கொண்டால், கப்பல் அடுத்துப் போகும் துபாய்க்கு டிக்கெட் உங்கள் கைக்காசு. பக்கத்தில் சுற்றுவதென்றால் அவர்களுக்குத் தண்டமாகப் பணம் கட்ட வேண்டாம், நான் இருக்கிறேன்.

நடுத்தரமாக ஒரு வழி உண்டு, எலிஃபண்டா தீவின் குகைக்கோயில். நீங்கள் வருவது செவ்வாய்க்கிழமை, நல்லவேளை. திங்கள் என்றால் மூடியிருக்கும். கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து படகில் ஒரு மணி நேரம். அங்கே இருக்கும் மூன்று முகச் சிவனை, ஏறக்குறைய 20 அடி உயரம், ஒருமுறை பார்த்தவர்களுக்கு மறக்காது. நடுமுகம் கண்ணை மூடியபடி இருக்கும். அதன் முன்னால் போய் நின்றதும் கூட்டமே தானாகக் குரலைத் தாழ்த்திக்கொள்ளும். அங்கேயும் 120 படி இருக்கிறது, ஆனால் டோலி கிடைக்கும். டோலியில் ஏறச் சொன்னால் நீங்கள் என்னைத் திட்டுவீர்கள் என்பதால் வற்புறுத்தவில்லை. மாமா மட்டும் போக ஆசைப்பட்டால் இவர் கூட்டிக்கொண்டு போவார், இரண்டு மணிக்குள் திரும்பிவிடலாம்.

உங்களுக்கு நான் நினைத்து வைத்திருப்பது வேறு. கப்பல் நிற்கும் பாலார்டு பியரிலிருந்து வெளியே வந்தால் பாலார்டு எஸ்டேட். பக்கத்தில் கப்பல் நிறுத்தும் டாக்குக்காக வெட்டிய மண்ணைக் கடலில் கொட்டி, 1914க்கும் 1918க்கும் இடையில் எழுப்பிய இடம். கேட்வேயைக் கட்டிய ஜார்ஜ் விட்டெட்தான் இதற்கும் திட்டம் போட்டார். அலுவலகம் திறக்கும் முன் அந்தத் தெருக்கள் வெறிச்சென்று அழகாக இருக்கும். வாசலில் டாக்ஸிக்காரர்கள் சூழ்ந்துகொண்டு "முழு மும்பை தரிசனம்" என்பார்கள். காதில் வாங்காமல் வாருங்கள். ஆட்டோ தேடாதீர்கள், தென் மும்பைக்குள் ஆட்டோவுக்கு அனுமதி கிடையாது.

அங்கிருந்து மெதுவாக நடந்தால் சிஎஸ்எம்டி, அந்தக் கால விக்டோரியா டெர்மினஸ். 1888இல் முடித்த ஸ்டேஷன். முன்வாசல் தூண்களில் ஒரு பக்கம் சிங்கம், இன்னொரு பக்கம் புலி. சிங்கம் இங்கிலாந்தாம், புலி நாமாம். புலியின் முகத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள், எனக்கென்னவோ அது இன்னும் கோபமாக இருப்பதாகத்தான் படுகிறது. உள்ளே போய், எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும் ஸ்லோ வண்டியில் ஏறுவோம். காலையில் கூட்டமெல்லாம் ஊருக்குள் வரும் வண்டியில்தான், நாம் எதிர்த்திசையில் போவதால் லேடீஸ் பெட்டியில் ஜன்னலோரமே கிடைக்கும். டிக்கெட் 10 ரூபாயைத் தாண்டாது. மஸ்ஜித், சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு, பைகுலா என்று எட்டாவது ஸ்டேஷன் எங்கள் மாட்டுங்கா. ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் மெகா பிளாக் வரும், தண்டவாள வேலைக்காக வண்டிகளைக் குறைத்துவிடுவார்கள், இந்த யோசனையே சொல்லியிருக்க மாட்டேன்.

ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு பூக்காரம்மா. முழம் போடுவது முழங்கையால்தான். ஆனால் தெரிந்தவர் என்றால் கை கொஞ்சம் நீளும். ஒரு பெண்ணிடம் மராத்தியில் பேரம் பேசிக்கொண்டே, என்னைப் பார்த்ததும் தமிழில் "கனகாம்பரம் வந்திருக்கு" என்பார். அடுத்த கடையில் வாழைப்பூ, முருங்கைக்கீரை, சேப்பங்கிழங்கு. காப்பிக்கொட்டை அரைக்கும் மணம் தெருமுனைவரை வரும். சிங்கப்பூரிலும் இதெல்லாம் கிடைக்கும் என்பீர்கள். கிடைக்கும்தான். ஆனால் இந்த ஊருக்கு வந்து இத்தனை வருஷமாக நான் எங்கே இருக்கிறேன், எந்தக் கடையில் காய் வாங்குகிறேன் என்பதை நீங்கள் ஒருநாள்கூடப் பார்த்ததில்லையே. ஆமாம், இதில் என் சுயநலமும் இருக்கிறது.

சாப்பாடு வீட்டில். இரண்டரைக்குக் கிளம்பினால் போகிற வழியில் ஓவல் மைதானத்தில் பத்து நிமிஷம் நிற்கலாம். ஒரு பக்கம் ராஜாபாய் கோபுரமும் ஹைகோர்ட்டும், எதிர்ப்பக்கம் வளைந்த பால்கனி வைத்த ஆர்ட் டெகோ வீடுகள். இரண்டையும் சேர்த்துத்தான் 2018இல் யுனெஸ்கோ பட்டியலில் போட்டார்கள். நாலு மணிக்கு உங்களைத் துறைமுக வாசலில் விட்டுவிடுவேன், அஞ்சு மணிக்குள் கப்பலில் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். மாமா கடிகாரத்தைச் சிங்கப்பூர் நேரத்திலேயே வைத்திருப்பார், அங்கே இரண்டரை மணி நேரம் முன்னால். ஒரு மணிக்கே "மூன்றரை ஆச்சு, கிளம்பு" என்று நச்சரிக்க ஆரம்பிப்பார், அதைக் கண்டுகொள்ளாதீர்கள்.

விசா எடுத்தாகிவிட்டது என்றீர்கள், ஒரு கவலை விட்டது. இறங்கும்போது பாஸ்போர்ட்டும் கப்பலில் கொடுக்கும் அட்டையும் கைப்பையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். துறைமுகத்துக்குள் எங்களை விடமாட்டார்கள், கிரீன் கேட்டுக்கு வெளியே எட்டரையிலிருந்து நிற்பேன்.

வத்தக்குழம்பா மோர்க்குழம்பா என்பதை மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். மாமாவுக்குச் சுண்டைக்காய் ஆகாது என்று யாரோ சொன்ன ஞாபகம்.

அன்புடன்,
உங்கள் மருமகள்
மாட்டுங்கா, மும்பை