எந்த கேமில் தொடங்குவது என்று கேட்டாய்

அன்புள்ள சரவணா,

உன் கடிதம் கிடைத்தது. இரவு ஷிஃப்ட் முடிந்து பகல் வேலைக்கு மாறிவிட்டாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இனியாவது ஒழுங்காகத் தூங்கு. சாயங்காலங்களில் பழையபடி பெதஸ்டா நிறுவனத்தின் கம்ப்யூட்டர் கேம் ஒன்றை எடுத்து உட்காரலாம் என்றிருக்கிறேன், ஆப்லிவியனா ஸ்கைரிமா என்று கேட்டிருந்தாய். இரண்டும் வேண்டாம், அதே வரிசையில் அவற்றுக்கு முன்னால் வந்த மோரோவிண்டில் தொடங்கு என்பதுதான் என் பதில். பாதியில் விட்டுவிட்டாய் என்பது தெரியும். அதனால்தான் சொல்கிறேன்.

2002இல் வந்த அந்த கேமில் போகவேண்டிய இடத்தைக் காட்டும் அம்புக்குறி கிடையாது. பால்மோரா என்ற ஊரில் ஒருவர், மறைந்துபோன ட்வெமர் இனத்தாரின் புதிர்ப்பெட்டி ஒன்றை எடுத்துவரச் சொல்வார். மூன்மாத் கோட்டையைத் தாண்டிப் போ, பழைய பாலம் வரும், அதைக் கடந்தால் இடிபாடு. இவ்வளவுதான் வழி. போய்ச் சேர்ந்தால் கதவு திறக்காது. பக்கத்தில் உள்ள குழாயின் கைப்பிடியைத் திருப்பவேண்டும். உள்ளே போனாலும் பெட்டி சின்னது, அலமாரி அலமாரியாகத் தேடவேண்டும். அந்த ஒரு வேலை முடிவதற்குள் பால்மோராவைச் சுற்றியுள்ள நிலம் மனசில் பதிந்துவிடும். நினைத்த இடத்துக்கு மேப்பிலிருந்தே தாவவும் முடியாது. சில்ட் ஸ்ட்ரைடர் என்ற ராட்சதப் பூச்சி வாகனம் எந்த ஊருக்குப் போகும், படகு எங்கே கிடைக்கும், மந்திரவாதிகள் சங்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்று நாமே தெரிந்துவைத்திருக்கவேண்டும்.

பின்னால் வந்த கேம்களில் இது ஏன் போனது என்று நிறைய யோசித்திருக்கிறேன். எளிமையாக்கிவிட்டார்கள் என்று எல்லோரும் சொல்வதில் பாதிதான் உண்மை. மோரோவிண்டில் பேச்சு பெரும்பாலும் எழுத்தில் வரும், வழியை எவ்வளவு நீளமாகவும் எழுதலாம். 2006இல் ஆப்லிவியன் வந்தபோது ஒவ்வொரு வரிக்கும் குரல் கொடுத்தார்கள். நீளமான வழிக்குறிப்பு அங்கே கட்டுப்படியாகாது. அதோடு ஆட்களுக்குத் தினசரி வாழ்க்கை வந்துவிட்டது. காலையில் கடை, மதியம் சாப்பாடு, இரவில் படுக்கை. நின்ற இடத்திலேயே நிற்கும் மோரோவிண்ட் மனிதனுக்கு வழி சொல்லலாம். நடமாடுகிறவனைக் கண்டுபிடிக்க அம்புக்குறிதான் வேண்டும். ஒன்றைப் பெற இன்னொன்றை விட்டார்கள் என்றுதான் நான் இதைப் பார்க்கிறேன். ஸ்கைரிமில் அம்புக்குறியை அணைத்துவிட்டு ஆடிப் பார்த்தேன். நமக்குத் தரும் பல வேலைகளில், அதாவது குவெஸ்ட்களில், எங்கே போவது என்று யாருமே சொல்வதில்லை. அம்புக்குறி இருக்கிறது என்று நம்பியே வசனத்தை எழுதியிருக்கிறார்கள்.

ஆப்லிவியனை நான் குறைத்துச் சொல்லவில்லை. குவெஸ்ட் எழுதுவதில் அதை மிஞ்ச அவர்களாலேயே முடியவில்லை. டார்க் பிரதர்ஹுட் என்ற கொலையாளிக் கூட்டத்தின் கதையில், பூட்டிய மாளிகைக்குள் ஐந்து விருந்தினர்களோடு நம்மையும் விட்டு, ஒவ்வொருவராகத் தீர்க்கச் சொல்வார்களே, அதற்கு ஈடாக ஸ்கைரிமில் ஒன்றுமில்லை. ஆனால் நம் லெவலோடு எதிரிகளும் ஏறுவதை என்னால் ஏற்கவே முடியவில்லை. வழிப்பறிக்காரன் விலையுயர்ந்த கிளாஸ் கவசத்தோடு வந்து நம்மிடம் சில்லறைக் காசு கேட்கிறான்! 2025 ரீமாஸ்டரில் லெவல் ஏறும் முறையைச் சீர்படுத்தியிருக்கிறார்கள், பார்க்கவும் அழகாக இருக்கிறது. அந்தக் கோளாறு மட்டும் போகவில்லை.

ஸ்கைரிமை இப்போது என் மகள் ஆடுகிறாள். முக்கியக் கதையை அவள் தொடவே இல்லை. மலைமேல் ஏதாவது தெரிந்தால் அங்கே போகிறாள், அவ்வளவுதான். அவள் ஆடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் அந்த கேமின் பலமே எனக்குப் புரிந்தது. ரிவர்வுட் கிராமத்தில் நின்று நிமிர்ந்தால் மலைமேல் ப்ளீக் ஃபால்ஸ் பாரோ என்ற பழைய கல்லறையின் கல் வளைவுகள் தெரியும். அம்புக்குறி செய்யும் வேலையை அங்கே நிலமே செய்கிறது. குகைக்குள் போனால் கடைசி அறையிலிருந்து வாசலுக்கே திரும்ப ஒரு குறுக்குவழி இருக்கும், வந்த வழியில் அலையவேண்டாம். இவ்வளவு அக்கறையாக நிலத்தைச் செதுக்கியவர்கள் 2023இல் ஸ்டார்ஃபீல்ட் என்ற விண்வெளி கேமில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிரகங்களைத் தந்து, நடுவில் இருந்த வழியை எடுத்துவிட்டார்கள். மேப்பில் ஒரு கிரகத்தைத் தேர்ந்தெடுத்தால் லோடிங், இறங்கினால் வேறொரு கிரகத்தில் பார்த்த அதே கைவிடப்பட்ட ஆய்வுக்கூடம். எனக்கு அது பெரிய வருத்தம். அடுத்த வருஷம் அதற்குக் கூடுதல் பகுதியாக வந்த ஷாட்டர்ட் ஸ்பேஸில் கையால் செய்த ஒரே ஒரு கிரகத்தில் கதையை வைத்தார்கள் என்பது கொஞ்சம் ஆறுதல்.

அவர்களுடைய இன்னொரு வரிசையான ஃபால்அவுட் பற்றியும் கேட்டிருந்தாய். மூன்றாம் பாகம் பிடிக்கும், நான்காம் பாகத்தில் வீடு கட்டுவது மட்டும் பிடிக்கும். அதே வரிசையில் வந்த நியூ வேகஸை இந்தக் கணக்கில் சேர்க்காதே, அது அப்சிடியன் என்ற வேறு நிறுவனம் செய்தது.

மோரோவிண்டை நீ விட்டதற்குக் காரணம் அந்தச் சண்டைதானே? வாள் எதிரி மேல் படுவது கண்ணுக்குத் தெரியும், உள்ளே உருளும் பகடை படவில்லை என்றுவிடும். இந்தமுறை வாள்வீச்சில் தேர்ந்த ரெட்கார்ட் இனத்தவனாக ஆடு, நீள வாளை முக்கிய ஸ்கில்லாக எடு, ஓடிக் களைத்த நிலையில் சண்டைக்குப் போகாதே. களைப்பு ஏறினால் குறி தவறும். பழைய டிஸ்க் இருந்தால் அதை ஓட்ட ஓப்பன்எம்டபிள்யூ என்ற இலவச மென்பொருளைப் போட்டுக்கொள், இன்றைய கம்ப்யூட்டரிலும் தடங்கல் இல்லாமல் ஓடும். கதை தொடங்கும் சேய்டா நீன் ஊரில் இறங்கியதும் சில்ட் ஸ்ட்ரைடரில் ஏறிவிடாதே, பால்மோராவுக்கு நடந்தே போ. ஊரைத் தாண்டியதும் மேலே ஒரு அலறல் கேட்கும், நிமிர்ந்து பார். வானிலிருந்து விழுகிறவனிடம் இருக்கும் மந்திரச் சுருள்களை எடுத்துவை, ஆனால் அவன் டைரியைப் படிக்காமல் அவற்றைப் பயன்படுத்தாதே.

போய்ச் சேர்ந்ததும் எழுது.

அன்புடன்,
முரளி