1950களின் தேக்கு மேசை என்று விற்ற பொருளைத் திருப்பி எடுக்கக் கோரும் முறைப்பாடு

கல்லடி,
மட்டக்களப்பு.
12.02.2025

முகாமையாளர் அவர்கட்கு,
விற்பனைப் பிரிவு,
கொழும்பு.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

கடந்த ஜனவரி 18ஆம் திகதி உங்கள் லொறியில் எனக்கு இரண்டு தளபாடங்கள் வந்து சேர்ந்தன. ஒன்று எழுத்து மேசை, விலை 165,000 ரூபா. மற்றது கோப்பு வைக்கும் சிறிய அலுமாரி, 48,000 ரூபா. ஏற்றுக்கூலி 9,500 ரூபா தனி. அலுமாரியை நான் வைத்துக்கொள்கிறேன். மேசையைத் திருப்பி எடுத்துக்கொண்டு அதன் பணத்தைத் தரும்படி கேட்கவே இதை எழுதுகிறேன். தொலைபேசியில் மூன்று தடவை சொல்லிவிட்டேன். மூன்று தடவையும் வேறு வேறு ஆட்கள் பேசினார்கள். அதனால் நடந்ததை முதலில் இருந்தே எழுத்தில் தருகிறேன்.

உங்கள் பற்றுச்சீட்டில் மேசைக்கு நேரே உள்ள வரி இது: "1950களில் செய்யப்பட்ட எழுத்து மேசை, முழுத் தேக்கு, மூல நிலையில்." இந்த வரியை நம்பித்தான் நான் காசு கட்டினேன்.

என் அப்பா அரச அலுவலகமான கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்தவர். கழித்த அரச தளபாடங்களை ஏலம் விட்டபோது ஒரு மேசையை எடுத்து வந்தார். இரண்டு பக்கமும் லாச்சி (இழுப்பறை), நடுவில் கால் நீட்ட இடம், கீழே போகப்போக ஒடுங்கும் கால்கள். 1978 நவம்பர் சூறாவளி இரவு ஓடெல்லாம் பறந்தபோது பிள்ளைகள் நாங்கள் அந்த மேசைக்குக் கீழேதான் கிடந்தோம். 2004 டிசம்பர் 26இல் கடல் வீட்டோடு அதையும் கொண்டுபோய்விட்டது. அந்த மேசை இனி வராது. ஆனால் அந்தக் காலத்துக் கைவேலை ஒன்று வீட்டில் இருக்கவேண்டும், அதில் இருந்து நான் எழுதவேண்டும் என்று நான்கு வருடமாகக் காசு சேர்த்தேன்.

கண்ணை மூடிக்கொண்டும் வாங்கவில்லை. காசு அனுப்பும் முன் வட்ஸ்அப்பில் உங்கள் விற்பனையாளரிடம் மூன்று படங்கள் கேட்டேன்: மேசையின் அடிப்பக்கம், பின்பக்கம், ஒரு லாச்சியை முழுதாக வெளியே இழுத்துவைத்து அதன் மூலை. பழைய தளபாடத்தை முன்பக்கம் பார்த்து மதிக்க முடியாது. மேலே எத்தனை தரம் வேண்டுமானாலும் பொலிஷ் போடலாம், அடியில் யாரும் மெனக்கெடுவதில்லை. எனக்கு வந்தவை முன்பக்கப் படங்கள் நான்கு, லாச்சிப் படம் ஒன்று. அடிப்பக்கப் படத்தை "சாமான் கனம், பிரட்ட ஆள் இல்லை" என்று சொல்லி அனுப்பவில்லை. லாச்சிப் படத்தில் மூலைப் பொருத்து அழகாக இருந்தது. அதைப் பார்த்துத்தான் சரி என்றேன்.

அந்தப் படத்தில் இருக்கும் லாச்சி என் வீட்டுக்கு வந்த மேசையின் லாச்சி அல்ல. படத்தில் திறப்புத் துவாரத்தைச் சுற்றிப் பித்தளைத் தகடு ஒன்று, மேலும் கீழும் சின்ன ஆணியடித்து இருக்கிறது. வந்த மேசையில் பூட்டே கிடையாது.

மேசை வந்த அன்று மாலையே அலுமாரியில் ஒரு லாச்சியையும் மேசையில் ஒரு லாச்சியையும் கழற்றி விறாந்தையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அலுமாரி லாச்சியின் மூலையில் இரண்டு பலகையும் புறாவின் வால் விரிந்த மாதிரிப் பல்லுப் பல்லாக வெட்டி ஒன்றுக்குள் ஒன்று இறக்கியிருக்கிறது. பற்கள் ஒரே அளவில் இல்லை, ஒன்று கொஞ்சம் அகலம், ஒன்று ஒடுக்கம். உளி வைப்பதற்கு முன் ஓடாவி (தச்சர்) கூராணியால் கீறிய கோடு இன்னும் தெரிகிறது. லாச்சி ஓடி ஓடி அடிவிளிம்பு நடுவில் தேய்ந்து லேசாகக் குழிந்திருக்கிறது. கையால் செய்து பல வருடம் புழங்கிய பொருள் இப்படித்தான் இருக்கும்.

மேசையின் லாச்சியில் பொருத்தே இல்லை. பலகையோடு பலகையை முட்டவைத்துப் பசை பூசி, இயந்திரத்தால் கம்பிப்பின் அடித்திருக்கிறார்கள். பின்கள் துருகூடப் பிடிக்கவில்லை. அடித்தட்டை விரல் நகத்தால் சுரண்டினால் மாவு மாதிரி வருகிறது. மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்யும் எம்.டி.எப். பலகை அது. அமெரிக்காவில் அதை ஆலையில் செய்யத் தொடங்கியதே 1960களில்தான். 1950களின் மேசைக்குள், அதுவும் மூல நிலையில் இருக்கும் மேசைக்குள், அது எப்படி வந்தது? திருகாணிகள் எல்லாம் இப்போது கடையில் கிடைக்கும் நட்சத்திரத் தலை வகை. அது மட்டும் என்றால் எப்போதோ திருத்தியபோது மாற்றியிருப்பார்கள் என்று விட்டிருப்பேன்.

மேற்பலகைக்கு வருகிறேன். மெல்லிய மரச்சீவல் ஒட்டியிருந்தால் நான் குறை சொல்லமாட்டேன். டென்மார்க்கில் 1950களிலும் 60களிலும் செய்த நல்ல மேசைகள் பலவற்றில் மெல்லிய தேக்குச் சீவல்தான் ஒட்டியிருக்கிறது. அது மரம். உங்கள் மேசையில் ஒட்டியிருப்பது மரத்தின் படம் அச்சடித்த தாள். இடது மூலையில் இருந்து ஒன்றேகால் அடி தள்ளி மீன்கண் போல ஒரு கணு இருக்கிறது. அதே கணு, அதைச் சுற்றி அதே மூன்று வளைவு, இரண்டடி தள்ளித் திரும்பவும் வருகிறது. பக்கப் பலகையிலும் இருக்கிறது. வலது விளிம்பில் தாள் கிளம்பிய இடத்தில் மரத்தூளை அழுத்திச் செய்த சிப்போர்ட் பலகை தெரிகிறது. மாரி முடியாத நாட்களில் யன்னலோரம் வைத்திருந்ததால் அந்த மூலை மூன்று வாரத்துக்குள் அரை விரல் அளவு ஊதிவிட்டது. வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் ஊர் இது. தேக்கு இந்தக் காற்றைத் தாங்கும், அழுத்திய மரத்தூள் தாங்காது.

எனக்கு அதிகம் வலித்தது மைக்கறை. மேசையின் நடுவில் பேனை மை கொட்டிக் காய்ந்த மாதிரி நீலக் கறை ஒன்று இருக்கிறது. படத்தில் பார்த்தபோது, யாரோ உட்கார்ந்து எழுதிய மேசை என்று அதற்காகவே மனம் போனது. ஸ்பிரிட் தொட்ட துணியால் ஒரு தடவை துடைத்தேன். முழுதாக வந்துவிட்டது. மரத்துக்குள் ஊறிய பழைய மை ஒரு துடைப்பில் இப்படி முழுதாக வராது. கால்களின் பின்பக்கத்தில், சுவரைப் பார்த்திருக்கும் இடத்தில்கூட, மண்கடதாசியால் ஒரே அளவில் தேய்த்துப் பழசாக்கியிருக்கிறார்கள். கைபடாத இடம் எப்படித் தேயும்? பொருளைப் பார்த்துத் தெரியாமல் எழுதிய பிழை என்று இதை என்னால் எடுக்க முடியவில்லை. யாரோ உட்கார்ந்து, பழசுபோல் தெரியவேண்டும் என்று செய்த வேலை இது.

அயலில் முப்பது வருடத்துக்கு மேல் மரவேலை செய்யும் ஓடாவியார் ஒருவரையும் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் மேசையின் ஒரு பக்கத்தைத் தூக்கிப் பார்த்தார், அடியில் கையை விட்டுத் தடவினார், கால்கள் நான்கும் தகடு வைத்து முறுக்கியவை என்று காட்டினார். அலுமாரியைத் தொட்டதும் அது தேக்கு இல்லை, முதிரை என்றார். நீங்கள் அதையும் தேக்கு என்றே எழுதியிருக்கிறீர்கள். முதிரை கனமான, மஞ்சள் மினுக்கம் உள்ள நல்ல மரம், எனக்கு அதில் நட்டமில்லை. ஆனாலும் மரத்தைப் பார்க்காமலே விபரம் எழுதுகிறீர்கள் என்பது அதிலும் தெரிகிறது.

கடைசியாகத் தொலைபேசியில் பேசியவர், "விண்டேஜ் என்றால் அந்தக் காலத்துப் பாணி என்றுதான் அர்த்தம்" என்று சொல்லிப் பத்து வீதம் கழிவு தருவதாகச் சொன்னார். பற்றுச்சீட்டின் அந்த வரியில் விண்டேஜ் என்ற சொல்லும் இல்லை, பாணி என்ற சொல்லும் இல்லை. 1950களில் செய்யப்பட்டது என்று இருக்கிறது. பழைய பாணியில் இன்று செய்த மேசையை அப்படியே சொல்லி விற்பதில் ஒரு பிழையும் இல்லை, விருப்பமானவர்கள் அதற்குரிய விலைக்கு வாங்குவார்கள். புதியதைப் பழையது என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கழிவு பேசுவதை நான் ஏற்கமாட்டேன்.

எனவே மேசையை உங்கள் செலவில் எடுத்துச்சென்று 165,000 ரூபாவையும், ஏற்றுக்கூலியில் பாதியான 4,750 ரூபாவையும் 14 நாட்களுக்குள் என் வங்கிக் கணக்குக்கு அனுப்பவேண்டும். எனக்கு அனுப்பிய படத்தில் இருந்த லாச்சி எந்த மேசையுடையது, அது இப்போது எங்கே இருக்கிறது என்பதையும் எழுத்தில் அறியத்தாருங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 30ஆம், 31ஆம் பிரிவுகள் வாங்குபவரைத் தவறாக வழிநடத்துவதையும் பொருளைப் பற்றிப் பொய்யான விபரம் கொடுப்பதையும் தடுக்கின்றன. 14 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் இதே கடிதத்தை அதிகார சபைக்கு அனுப்புவேன். வாங்கி மூன்று மாதம் ஆவதற்குள் அதைச் செய்ய எனக்கு நாள் இருக்கிறது.

பற்றுச்சீட்டின் பிரதி, நீங்கள் அனுப்பிய ஐந்து படங்கள், நான் எடுத்த பதினொரு படங்கள் ஆகியவற்றை இத்துடன் இணைத்திருக்கிறேன். துடைத்த துணியையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். லொறி அனுப்புவதாக இருந்தால் இரண்டு நாளுக்கு முன் சொல்லுங்கள். எங்கள் ஒழுங்கைக்குள் பெரிய லொறி திரும்பாது, சந்தியில் நிறுத்தித் தூக்கவேண்டும். இரண்டு பேரையாவது அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்
(பெயரும் தொலைபேசி இலக்கமும் பற்றுச்சீட்டில் உள்ளபடி)