எந்த வண்டி, யார் பேரில்

குன்னூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கண்ணம்மாவுக்கு, அம்மா எழுதுவது.

அஞ்சு லட்சத்துக்குள்ள, நல்ல மைலேஜ் தர்ற, மலை ஏறுற செகண்ட் ஹேண்ட் கார் எது என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டிருந்தாய். போனில் பதில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று பாதியில் வைத்துவிடுவாய். அதனால்தான் காகிதம் எடுத்தேன். மாப்பிள்ளை வண்டி இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்று அப்பா கேட்டார். ரெண்டு பேர் ஆபீசும் ரெண்டு திசை என்று நானே ஒரு பதில் சொல்லி வைத்திருக்கிறேன். அப்படியே இருக்கட்டும்.

முதலில் பணம். அஞ்சு லட்சம் இருக்கிறது என்றால் வண்டிக்கு நாலே காலுக்கு மேல் பேசாதே. மீதியைத் தொடாமல் வை. பேர் மாற்ற, இன்சூரன்ஸ் போட, ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில் எல்லாம் மாற்ற, டயரோ பேட்டரியோ போயிருந்தால் அதற்கும் அதிலிருந்துதான் வரவேண்டும். லோன் வேண்டாம். பழைய வண்டிக்கு வட்டியும் அதிகம், ஜாமீனுக்கு இன்னொருத்தர் கையெழுத்தும் கேட்பார்கள். கையெழுத்துக்காக யார் முன்னாலும் போய் நிற்காதே. குறைந்தால் சீட்டுப் பணம் இருக்கிறது, அப்பாவுக்கும் தெரியும். வளையலை வைக்காதே.

மைலேஜ் என்று எல்லோரும் பறக்கிறார்கள், கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டுகிறாய் என்று வை. லிட்டருக்கு 14 தருகிற வண்டி 71 லிட்டர் குடிக்கும், 18 தருகிற வண்டி 56 லிட்டர் குடிக்கும். வித்தியாசம் 15, 16 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்றால் மாதம் ஆயிரத்து ஐநூறு, ஆயிரத்து அறுநூறு. நல்ல பணம்தான். ஆனால் ரெண்டு கிலோமீட்டர் மைலேஜ் கூட வருகிறது என்பதற்காக கிளட்ச் போன வண்டியை எடுத்தால் ஒரு வருஷ லாபம் ஒரே பில்லில் போய்விடும். கம்பெனி சொல்கிற மைலேஜ் லேபில் அளந்தது. 21, 22 என்று போட்டிருக்கும் வண்டி மேட்டுப்பாளையத்திலிருந்து இங்கே ஏறும்போது 12, 13 காட்டினாலே நல்ல நிலையில் இருக்கிறது என்று அர்த்தம். டிஸ்ப்ளேயில் காட்டுவதை நம்பாதே. பம்பில் ஆட்டோ கட் ஆகும்வரை நிரப்பி, ட்ரிப் மீட்டரை சைபர் செய்து, அடுத்த முறை அதே பம்பில் அதே மாதிரி நிரப்பி, ஓடிய தூரத்தை லிட்டரால் வகுத்துப் பார்.

டீசல் உனக்கு வேண்டாம். இழுவை நன்றாக இருக்கும், மேட்டில் சுகமாக ஏறும், மறுக்கவில்லை. ஆனால் மாருதி 2020 ஏப்ரலோடு டீசலை நிறுத்திவிட்டது, ஃபோர்டும் 2021-ல் இங்கே தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. 2020 ஏப்ரலில் வந்த புது மாசு விதிப்படி செய்த பிஎஸ்6 டீசலில் புகையின் கரியைப் பிடித்து வைக்கும் ஃபில்டர் ஒன்று இருக்கிறது. வீட்டிலிருந்து ஆபீஸ், ஆபீசிலிருந்து வீடு என்று சின்ன ஓட்டம் ஓடினால் எக்சாஸ்ட் சூடேறாது, கரி எரியாமல் அடைத்துக்கொள்ளும். பத்து வருஷ டீசல் ஓட்டக்கூடாது என்று போட்டது டெல்லிப் பக்கத்து உத்தரவு. அதைக் காரணம் காட்டி மலிவாகத் தருவதாக இங்கே எவனாவது சொன்னால் அந்த ஆளை விட்டுவிடு.

பெட்ரோல், மேனுவல் கியர். ஏஎம்டி என்கிற, கிளட்ச் பெடல் இல்லாத ஆட்டோமேட்டிக் வேண்டாம். அதிலும் உள்ளே இருப்பது அதே கிளட்ச் பிளேட்தான், அழுத்தி விடுவது மட்டும் மோட்டார். கொண்டை ஊசியில் முன்னால் பஸ் திரும்பிக்கொண்டிருக்க, நீ மேட்டில் ஆக்சிலேட்டரை லேசாக மிதித்து வண்டியைப் பிடித்து நிறுத்தினால் பிளேட் கருகும். ஹேண்ட் பிரேக்கில் நிறுத்தி எடுக்க உனக்குத் தெரியும், உன்னைப் போல ஹாஃப் கிளட்ச் இல்லாமல் மேட்டில் எடுக்கிற பிள்ளையை நான் பிறகு பார்க்கவில்லை. அப்படிக் கற்றவள் பொங்கலுக்கும் மேலே ஏறவில்லை, தந்தி மாரியம்மன் திருவிழாவுக்கும் ஏறவில்லை.

இன்ஜின் சைஸைப் பார். குன்னூர் 1,850 மீட்டர் உயரம். டர்போ இல்லாத இன்ஜின் ஆயிரம் மீட்டருக்கு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சக்தியை இழக்கும், காற்று மெலிந்துவிடுவதால். 83 குதிரைத்திறன் இங்கே 68 போலத்தான். ஒரு லிட்டர் இன்ஜினின் 67 இங்கே 55. நாலு பேரும் மூட்டையும் ஏறினால் முதல் கியரிலேயே உறுமிக்கொண்டு வரவேண்டும், அப்போது மைலேஜும் கிடையாது. அதனால் 1.2 லிட்டர். வேகன்ஆரில் ரெண்டு இன்ஜினும் உண்டு, விற்கிறவர் வாயால் சொல்வதைக் கேட்காதே, பதிவுச் சான்றான ஆர்சியில் இன்ஜின் அளவு, அதாவது சிசி, பார். 1197 என்றால் 1.2. 998 என்றால் சின்னது.

நான் பார்க்கச் சொல்வது மூன்று. 2019-ல் வந்த புது ஷேப் வேகன்ஆர் 1.2: எடை குறைவு, அதனால் பிக்கப்பும் மைலேஜும் ரெண்டும் வரும், பார்ட்ஸ் எந்த மூலையிலும் கிடைக்கும். ஹூண்டாய் கிராண்ட் ஐ10 1.2: டைமிங் செயின், கியர் வெண்ணெயாக விழும், கொஞ்சம் கூடக் குடிக்கும். பழைய ஐ10-ல் 1086 சிசி இருந்தால் அது பெல்ட் வண்டி, பெல்ட் மாற்றிய பில் இல்லாமல் தொடாதே, அறுந்தால் வால்வு வளைந்து இன்ஜினைப் பிரிக்க வேண்டிவரும். மூன்றாவது டாடா டியாகோ. மூன்று சிலிண்டர், நிற்கும்போது கொஞ்சம் அதிரும், எடையும் கூட. ஆனால் 2020-ல் வந்த மாடல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் நாலு ஸ்டார் வாங்கியது, வேகன்ஆர் 2019-ல் ரெண்டுதான். கையைக் கடிக்காத வண்டி வேகன்ஆர். ராத்திரியில் தனியாக ஓட்டப்போகிறாய் என்றால் டியாகோ. தனியாகத்தான் ஓட்டப்போகிறாயா என்று நான் கேட்கவில்லை.

எதுவானாலும் 2019 ஜூலைக்குப் பிறகு தயாரான வண்டியாகப் பார். சட்டென்று பிரேக் போட்டாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் அந்த ஏப்ரலிலிருந்தும், டிரைவர் ஏர்பேக் ஜூலையிலிருந்தும் எல்லாக் காரிலும் கட்டாயம். பக்கத்து சீட் ஏர்பேக் அப்போது கட்டாயமில்லை, டேஷ்போர்டில் எழுத்து இருக்கிறதா என்று பார்த்துக்கொள். விலைக்காக அதற்கு முந்தின வண்டியை எடுப்பதானால் ஏபிஎஸ் உள்ள வேரியன்ட்தானா என்று உறுதி செய். ஆர்சி உன் பேரில் மாறவேண்டும், அதைக் கீழே விவரமாக எழுதுகிறேன்.

டிஎன் 43, அதாவது நம்ம நீலகிரிப் பதிவு வண்டி, குறைந்த கிலோமீட்டரில் கிடைக்கும். ஏமாறாதே. மலையில் ஓடிய 40,000, பைபாசில் ஓடிய 80,000-த்துக்குச் சமம். ரெண்டாவது கியரிலேயே வாழ்ந்த வண்டி அது. முப்பது வேகத்தில் மூன்றிலிருந்து ரெண்டுக்கு இறக்கிப் பார், கர்ரென்று கடித்தால் கியரைச் சத்தமில்லாமல் சேர்க்கும் சிங்க்ரோ வளையம் தேய்ந்துவிட்டது. நீளமான இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டு இன்ஜின் பிரேக்கில் வந்து, கீழே சட்டென்று மிதிக்கச் சொல்லி பின்னால் பார்த்தால், நீலப் புகை குப்பென்று வந்தால் வால்வு சீல் போய்விட்டது. இறக்கத்தில் உள்ளே ஏற்படும் வெற்றிடம் ஆயிலை உறிஞ்சிவிடும். சமவெளியில் ஓட்டிப் பார்த்தால் இது சுலபமாகத் தெரியாது. மழையும் மூடுபனியும் தின்ற வண்டி என்றால் கதவின் அடி விளிம்பு, ஜாக்கி வைக்கும் இடம், பின் சக்கர வளைவின் உள்பக்கம், சைலன்சர் இங்கெல்லாம் துரு இருக்கும். விரலால் அழுத்து, பெயின்ட் நொறுங்கினால் விடு.

கிளட்சைச் சோதிப்பது இப்படி. சமதளத்தில் ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மூன்றாவது கியர் போட்டு, கொஞ்சம் ஆக்சிலேட்டர் கொடுத்தபடி கிளட்சை மெதுவாக விடு. இன்ஜின் உடனே அணைந்தால் பிளேட் நன்றாக இருக்கிறது. அணையாமல் உறுமிக்கொண்டே இருந்தால் பிளேட் போய்விட்டது. ஒரே ஒரு தடவைதான் செய்யவேண்டும், திரும்பத் திரும்பச் செய்தால் இருக்கிற பிளேட்டையும் நீயே கருக்கிவிடுவாய். பிறகு கோயம்புத்தூரில் ஏதாவது மாலின் பார்க்கிங் ரேம்பில் ரெண்டாவது கியரில் ஏற்றி முழுசாக மிதி. ஆர்பிஎம் முள் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் அதே நோய்தான்.

காலையில், வண்டி ஆறியிருக்கும்போதே போ. முந்தின நாளே "ஸ்டார்ட் செய்து வைக்காதீங்க" என்று சொல்லி வை. போனதும் பானட்டைத் தொட்டுப் பார், சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள். ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளே பாலாடை மாதிரி வெள்ளையாக ஒட்டியிருக்கலாம். கோயம்புத்தூர் வண்டியில் அப்படி இருந்தால் கூலன்ட் ஆயிலில் கலக்கிறதோ என்று சந்தேகம், திரும்பிவிடு. ஊட்டி வண்டியில் குளிரிலும் சின்ன ஓட்டத்திலும் ஈரம் தங்கி அப்படி வரும். அப்போது டிப் ஸ்டிக்கை இழுத்துப் பார், அதிலும் வெள்ளை இருந்தால்தான் பயம்.

சென்னை வண்டி மலிவாக வரும். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழு. யாரும் இழுக்காத அந்தக் கடைசி முழத்தில் சேற்றுக் கோடு இருந்தால் அது 2015 வெள்ளமோ 2023 வெள்ளமோ பார்த்த வண்டி. டயரின் பக்கச் சுவரில் நாலு இலக்கம் இருக்கும், 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். ஓடோமீட்டர் 30,000 காட்டி, டயர் மட்டும் புதுசாக இருந்தால் ஏன் என்று கேள். கம்பெனி சர்வீஸ் சென்டரில் நம்பரைச் சொல்லி சர்வீஸ் ஹிஸ்டரி எடு, மீட்டரைத் திருப்பியிருந்தால் அங்கே அகப்படும்.

இப்போது பேப்பர். வண்டியைவிட இதுதான் எனக்குக் கவலை. ஆர்சி உன் பேரில் மட்டும் இருக்கட்டும். பணம் உன் அக்கவுன்ட்டிலிருந்து போகட்டும், கையில் கொடுக்காதே. சேஸிஸ் நம்பர், இன்ஜின் நம்பர் ரெண்டையும் ஆர்சியோடு நீயே ஒத்துப்பார். அரசின் பரிவாகன் வெப்சைட்டில் ஹைப்போதிகேஷன், அதாவது வண்டி மேல் லோன் அடமானம், இருக்கிறதா, சலான் பாக்கி இருக்கிறதா பார். லோன் இருந்திருந்தால் அது முடிந்ததற்கான ஃபாரம் 35-ம் பாங்க் கடிதமும் வாங்காமல் அட்வான்ஸ் கொடுக்காதே. பேர் மாற்றும் ஃபாரம் 29, 30-ல் விற்பவர் கையெழுத்து வாங்கு. முப்பது நாளுக்குள் நீ விண்ணப்பிக்கவேண்டும், புரோக்கர் பார்த்துக்கொள்வார் என்று விடாதே. கேரளா, பாண்டிச்சேரி வண்டி வேண்டாம், அங்கே என்ஓசி என்கிற தடையில்லாச் சான்று வாங்கி இங்கே திரும்ப வரி கட்டவேண்டும். இன்சூரன்ஸையும் பதினாலு நாளுக்குள் உன் பேருக்கு மாற்று. கிளெய்ம் கேட்காததற்காக விற்பவருக்குக் கிடைத்த தள்ளுபடி, நோ கிளெய்ம் போனஸ், அவரோடு போய்விடும், அந்த வித்தியாசத்தை நீ கட்டவேண்டும். ஓட்டும் ஓனருக்கு 15 லட்சம் விபத்துக் காப்பீடு உண்டு, ஆர்சி உன் பேரில் இருந்தால்தான் அது உனக்கு. அதில் நாமினி கேட்பார்கள். யார் பேரைப் போடுவது என்று யோசித்துப் போடு, அவசரப்படாதே.

அட்ரஸ் விஷயம் ஒன்று. உன் ஆதார் இன்னும் இந்த வீட்டு அட்ரஸில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அதை வைத்து, சோதனையில் தேறிய டிஎன் 43 வண்டியையே எடுத்தால் பேர் மாற்றுவதை ஊட்டி ஆர்டிஓவில் நான் முடித்துத் தருகிறேன். 2024 மே மாதத்திலிருந்து மலை ஏற வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் கேட்கிறார்கள், நம்ம 43-க்கு அது வேண்டாம். எந்த நேரத்திலும் ஏறி வரலாம். கல்லாறு செக்போஸ்ட்டில் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். வீட்டிலும் கேட்க மாட்டோம், அப்பாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

இந்த வாரம் பார்க்கிற வண்டியின் ஆர்சி ரெண்டு பக்கமும், ஆயில் மூடி உள்பக்கமும், நாலு டயரின் தேதியும் போட்டோ எடுத்து அனுப்பு. சனிக்கிழமை எத்தனை மணிக்கு, எந்த இடம் என்று சொன்னால் முதல் பஸ்சில் இறங்கி வந்துவிடுவேன். கூட யாரும் வரவில்லை என்றாலும் பரவாயில்லை, நான் வருகிறேன். ஆர்சி உன் பேரில்.

அம்மா